ஊட்டி எக்ஸ் வகுப்பு எஞ்சின், 1:87 அளவில்: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகுப்பு நீராவி எஞ்சினை 1:87 அளவில், அதாவது நிஜத்தின் 87-இல் ஒரு பங்காக, வாங்கலாம் என்று தேடினேன். ஆயத்த மாடலாக எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. டார்ஜிலிங் மலை ரயிலின் பி வகுப்பு எஞ்சினுக்கு இங்கிலாந்தின் ரவுண்ட்ஹவுஸ் நிறுவனம் நிஜ நீராவியிலேயே ஓடும் மாடல் செய்திருக்கிறது. ஊட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் உடல் முப்பரிமாண அச்சில் எடுத்த ரெசின், ராடுகள் (சக்கரங்களைச் சுழற்றும் தண்டுகள்) பித்தளை, அடிச்சட்டம் என் மேஜையிலேயே கட்டியது. சில வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

அகலப்பாதை மாடல் செய்பவர்களைவிட மீட்டர் கேஜ் (ஊட்டி ரயில் ஓடும் 1000 மி.மீ. பாதை) பக்கம் வந்தவர்களுக்குப் பாதை விஷயத்தில் நிம்மதி. 1676 மி.மீ. பாதையை 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் வரும். ஆனால் கடையில் கிடைப்பது 16.5 மி.மீ. தண்டவாளம்தான். எஞ்சின் ஒல்லிக்கால்களில் நிற்பதுபோல் தெரியும். மீட்டர் கேஜுக்குக் கணக்கு 11.5 மி.மீ., கிடைப்பது 12 மி.மீ. அரை மில்லிமீட்டரை யாரும் ஸ்கேல் வைத்துப் பார்க்கப்போவதில்லை.

நிஜத்துக்குப் பொருந்த வேண்டுமென்றால், எந்த எஞ்சின், எந்தக் காலத்தில் என்று முதலில் முடிவெடுக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் எஸ்.எல்.எம். நிறுவனம் 1914 முதல் செய்து அனுப்பியவை, 1952-இல் வந்த கடைசித் தொகுதி, பிறகு திருச்சி பொன்மலைப் பணிமனை புதிதாகச் செய்த எண்ணெய் எஞ்சின்கள், எல்லாவற்றுக்கும் பெயர் எக்ஸ்தான். பழையவற்றிலும் சில பின்னாளில் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறின. கரித்தொட்டி இருந்த இடத்தில் எண்ணெய்த் தொட்டி வந்தது. நான் கரிக்காலத்தை எடுத்துக்கொண்டேன். ஒரே எஞ்சினின், ஒரே காலகட்டத்துப் புகைப்படங்களை மட்டும் எதிரில் வைத்துக்கொள்வது நல்லது. நாலு படத்திலிருந்து நாலு அம்சம் எடுத்தால் எங்குமே ஓடாத ஓர் எஞ்சின்தான் மேஜையில் நிற்கும்.

இந்த வகுப்பின் உயிர் அதன் இரட்டை இயக்கத்தில் இருக்கிறது. பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிலிண்டர். கீழே உள்ள உயரழுத்த சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். மேலே உள்ள தாழ்வழுத்த சிலிண்டர்கள், தண்டவாளங்களுக்கு நடுவே கிடக்கும் ஆப்ட் முறைப் பல்சட்டத்தை (பற்கள் வெட்டிய இரும்புச் சட்டம்) கவ்வும் பல்சக்கரங்களைச் சுழற்றும். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சமவெளியில் கீழ் ராடுகள் மட்டும் ஓடும், மேலே சும்மா நிற்கும். கல்லாறு தாண்டிப் பல்சட்டம் தொடங்கியதும் கீழே வேலை முடித்த நீராவி மேலே போய் மறுபடி உழைக்கும்.

1:87-இல் அந்த வயிற்றுக்குள் இரண்டு மோட்டாருக்கு என்னால் இடம் பண்ண முடியவில்லை. ஒரே மோட்டாரில் சக்கரத்தையும் பல்சக்கரத்தையும் இணைத்தால் இன்னொரு வில்லங்கம்: இரண்டின் வேகமும் இம்மி பிசகினாலும் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடிக்கும். அதனால் மோட்டார் பல்சக்கரத்துக்கும் மேல் ராடுகளுக்கும் மட்டும். கீழ்ச் சக்கரங்கள் தண்டவாளத்தில் உரசித் தானாக உருள்கின்றன. பல்சட்டம் இல்லாத சமதரையில் இந்த எஞ்சின் ஓர் அங்குலம்கூட நகராது! ஆகவே என் அமைப்பில் கல்லாறே கிடையாது. மலைப்பாதையில் உள்ள ஹில்குரோ நிலையத்தை ஒட்டிய ஏற்றம் மட்டும். சாய்வு அசலில் உள்ள 12.5-க்கு 1, அதாவது மீட்டருக்கு 8 செ.மீ. சாதாரண மாடல் எஞ்சின் இதைப் பார்த்தாலே வழுக்கிவிடும், இது அலட்டிக்கொள்ளாமல் ஏறுகிறது.

நாள்பட்ட பிரச்சினைகளும் இந்த ஏற்பாட்டிலிருந்தே வருகின்றன. ராடு முனைகளில் எண்ணெய் தூசியோடு சேர்ந்து கெட்டியானால் கீழ்ச் சக்கரங்கள் உருளாமல் சறுக்கும். சறுக்கினால் தண்டவாளம் கறுக்கும், மின்சாரம் விட்டுவிட்டு வரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, ஊசி முனையில் தொட்டு எண்ணெய் வைப்பது வழக்கமாகிவிட்டது. மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்துவைக்கும் ஒரு சின்ன கெப்பாசிட்டர் சேர்த்த பிறகு திக்கல் குறைந்தது. முதலில் போட்ட பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்துபோனது. பித்தளைக்கு மாறியபின் தொல்லை இல்லை, சத்தம்தான் கொஞ்சம் கூடுதல். ரெசின் பக்கத் தொட்டிச் சுவர் ஒரு கோடையில் லேசாக வளைந்தது. உள்ளே பித்தளைப் பட்டை ஒட்டி நிமிர்த்தினேன். ரெசினில் செய்பவர்கள் அதை முதலிலேயே வைத்துவிடுங்கள்.

அப்புறம் பெட்டிகள். மலையில் எஞ்சின் எப்போதும் இறக்கப் பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளும். மாடலில் தள்ளும் பெட்டி எடை குறைவாக இருந்தால் வளைவில் தாவிக் குதிக்கும். தரையடியில் ஈயத் தகடு வைத்தால் அடங்கும். கொக்கி கழன்றாலும் பெட்டி எஞ்சின் மேலேயே சாயும் என்பதால், தள்ளும் வரிசையை மாற்ற நினைக்காதீர்கள். நிஜப் பெட்டியில் பிரேக் பிடிக்க ஆள் இருப்பார், நம் பெட்டியில் யார் இருக்கிறார்கள்?

பார்வைக்கு எனக்கு முழுத் திருப்தி. மேல் ராடும் கீழ் ராடும் சேர்ந்து ஆடும்போது வேறு எந்த எஞ்சினையும் பார்க்கத் தோன்றுவதில்லை. ஆனால் வீட்டில் இடம் இருப்பவர்களுக்கு நான் 1:87-ஐச் சொல்லமாட்டேன். 1:22.5 அளவில், 45 மி.மீ. பாதையில் மீட்டர் கேஜ் கச்சிதமாகப் பொருந்தும். அந்தப் பாதைக்கான பல்சட்டம், பெரிய அளவு மாடல் ரயில்களுக்கான எல்.ஜி.பி. வரிசையில் உண்டு. எஞ்சின் வயிற்றில் இரண்டு மோட்டார் வைக்கலாம், கல்லாறையும் சேர்த்துக்கொள்ளலாம்.