4-1 ஹெடரா, 4-2-1 ஹெடரா?

இன்ஜின் சிலிண்டர்களிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதிதான் ஹெடர். அதை வாங்கப் போகிறவர் கண் முதலில் பளபளப்பில்தான் நிற்கும். பார்க்க வேண்டியது குழாய்கள் எங்கே, எப்படிச் சேருகின்றன என்பதை. டர்போ இல்லாத நாலு சிலிண்டர் இன்ஜினை வைத்தே பேசுவோம். டர்போவுக்குக் கணக்கு வேறு.

4-1இல் நான்கு குழாய்களும் கலெக்டர் என்ற ஒரே கூட்டுக்குழாயில் கூடும். 4-2-1இல் இரண்டிரண்டாகச் சேர்ந்து, அப்புறம் ஒன்றாகும். 1-3-4-2 வரிசையில் எரியும் இன்ஜினில் 1ஐ 4உடனும் 2ஐ 3உடனும் ஜோடி சேர்ப்பார்கள். அப்போது ஒரு ஜோடியின் இரண்டு வெடிப்புகளுக்கும் நடுவே கிராங்க் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். ஒன்றின் புகை மற்றதை மறிக்காது.

எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை, குழாய் சேரும் இடத்தைத் தொட்டு, உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வுகளும் சேர்ந்தாற்போல் திறந்திருக்கும் அந்தக் கணத்தில் அது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை வெளியே இழுத்து, புதுக் காற்றுக்கு வழிவிடும். 4-1இல் இந்த இழுப்பு பலமாக இருக்கும், ஆனால் குறுகிய ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) எல்லைக்குள், பெரும்பாலும் மேலே. 4-2-1இல் இழுப்பு சற்று மென்மை. நடு ஆர்பிஎம்மில் பரவிக் கிடைக்கும்.

டைனோ (பவரை அளக்கும் கருவி) தாளில் உச்ச எண்ணைக் காட்டிப் பெருமைப்பட 4-1 சரிதான். டிராக்கில் ஆர்பிஎம் ஊசி எப்போதும் மேலேயே நின்று, அதற்கேற்ற கேம்ஷாஃப்ட்டும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இருந்தால் அதையே வாங்குங்கள். தினமும் சாலையில் ஓடும் காருக்கு என் ஓட்டு 4-2-1க்குத்தான். ஓவர்டேக் செய்யும்போது 3,500 ஆர்பிஎம்மில் வரும் டார்க்தான் (சுழற்றும் விசை) கைகொடுக்கும். 7,000இல் ஒளிந்திருக்கும் பவர் அல்ல.

எதை வாங்கினாலும், 'பெரிய பைப், பெரிய பவர்' என்ற பேச்சை நம்ப வேண்டாம். விட்டம் அளவுக்கு மீறினால் புகையின் வேகம் குறைந்து, கீழ் ஆர்பிஎம்மில் கார் மந்தமாகிவிடும்.

உலோகத்தில் 304 ஸ்டெயின்லெஸ் துருவுக்கு நன்றாகத் தாங்கும். 409 மலிவு, மேலே பழுப்பேறும், ஆனால் உழைக்கும். மைல்டு ஸ்டீல் என்றால் செராமிக் பூச்சு வேண்டும். அதன்மேல் வெப்பத்துணி சுற்றினால் ஈரம் தங்கி அரித்துவிடும்.

பணம் கொடுக்கும் முன் ஃப்ளாஞ்ச் (இன்ஜினோடு போல்ட் போட்டு இறுக்கும் தட்டு) மேல் ஒரு நேர்விளிம்பை வைத்துப் பாருங்கள். வெல்டிங் சூட்டில் வளைந்திருந்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியும். அந்த ஹெடரில் எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் புகை கசியும். ஆக்சிஜன் சென்சார் திருகும் துளையும் இருக்கிறதா என்று பாருங்கள். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றச் சொல்லும் ஹெடர், சட்டப்படி சாலைக்கு ஆகாது.