குலைப்பதா, பூட்டுவதா? படம், வீடியோவை மறைக்கும் நான்கு வழிகள்

ஒரு படத்தை அடுத்தவர் கண்ணில் படாமல் வைக்க எந்த முறை சரி என்று பார்க்கும்போது, கம்ப்ரஷன் (ஃபைலைச் சுருக்குவது) எங்கே நடக்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். மறைத்த பிறகு நடக்கிறதா, அதற்கு முன்பே முடிந்துவிடுகிறதா? பாதித் தேர்வு அதிலேயே முடிந்துவிடும்.

பிக்சல் குலைப்பு. படத்தின் புள்ளிகளை இடம் மாற்றி வைப்பது. கல்லூரி புராஜெக்ட்டுகளில் அதிகம் தென்படும் ஆர்னால்டு பூனை மேப் இந்த வகைதான். புதிய நெடுவரிசை எண்ணுக்குப் பழைய நெடுவரிசையையும் வரிசையையும் கூட்ட வேண்டும். புதிய வரிசை எண்ணுக்கு, நெடுவரிசையோடு வரிசையின் இரு மடங்கைக் கூட்ட வேண்டும். இரண்டையும் படத்தின் அகலத்தால் வகுத்து மீதியை எடுத்தால் புதிய இடம் கிடைக்கும். பார்க்கக் கச்சிதம், பாதுகாப்போ மிகக் குறைவு. 256×256 படம் 192 சுற்றில் தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும். வரிசை, நெடுவரிசை எண்கள் இரண்டும் பூஜ்யமாக உள்ள மூலைப் பிக்சல் அசைவதே இல்லை. ஹிஸ்டோகிராமும் (எந்த அளவில் எத்தனை பிக்சல் என்ற கணக்கு) மாறாது.

இட மாற்றத்தை ரகசியக் கீ ஒன்றால் தீர்மானித்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. 512×512 சாம்பல் படத்தில் 2,62,144 இடங்கள் உண்டு. ஒரு பிக்சல் ஏற்கும் 256 சாம்பல் அளவுகளையே இலக்கங்களாகக் கொண்டு எழுதினால் ஒவ்வோர் இடத்தையும் மூன்றே இலக்கங்களில் குறித்துவிடலாம். ஆகவே, தான் விரும்பும் மூன்று படங்களை உள்ளே செலுத்த முடிந்தவருக்கு முழு வரைபடமும் கிடைத்துவிடும். இது போதாதென்று, அருகருகே இருந்த பிக்சல்கள் பிரிவதால் ஜேபெக் ஃபைல் ஊதிப் பெருகும். மீட்ட படத்தில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் தெறிக்கும்.

பிளாக் குலைப்பு. படத்தை 16×16 துண்டுகளாக்கி இடம் மாற்றி, சுழற்றி, சிலவற்றை நெகட்டிவ் ஆக்குவது. 8×8 என்று வைத்தால், நிறத் தகவலை நீளம், அகலம் இரண்டிலும் பாதியாக்கும் 4:2:0 ஜேபெக்கில் துண்டுகளின் ஓரம் கசியும். மறைத்த பிறகும் சர்வர் ஜேபெக்காகச் சுருக்க வேண்டும் என்றால், இந்த நான்கில் இது ஒன்றுதான் ஒத்துவரும். ஆனால் துண்டுகளின் ஓரங்களை ஒப்பிட்டு ஜிக்ஸா போல அடுக்கிவிட முடியும். அனலாக் டிவி காலத்துக் கட்டணச் சேனல்களின் மறைப்பு முறையான நாக்ராவிஷன், படத்தின் வரிகளைக் கலைத்தே அனுப்பியது. அடுத்தடுத்த வரிகள் ஒன்றுபோல இருக்கும் என்ற ஒரே தடயத்தை வைத்து, சந்தாதாரர் கார்டே இல்லாமல் கம்ப்யூட்டரில் அதைச் சரிசெய்தார்கள்.

பகுதி என்கிரிப்ஷன். ஹெச்.264 முறையில் சுருக்கிய வீடியோவில் கோஎஃபிஷியன்ட்டுகளின் (பட விவரத்தைக் குறிக்கும் எண்கள்) கூட்டல், கழித்தல் குறிகளையும் மோஷன் வெக்டர் (ஒரு துண்டை வேறொரு பிரேமின் எந்த இடத்திலிருந்து எடுப்பது என்ற குறிப்பு) வித்தியாசங்களின் குறிகளையும் மட்டும் மாற்றுவது. ஃபைல் அளவு ஒரு பிட்கூட ஏறாது, சாதாரண டிகோடரும் தடையின்றி ஓடும். ஆனால் எந்தப் பிளாக்கில் எத்தனை மதிப்புகள் பூஜ்யமல்ல என்பது மறையாததால் உருவத்தின் கோடுகள் தெரியும். கண்காணிப்பு கேமராவில் முகத்தை மட்டும் மறைக்கும்போது இன்னொரு தொல்லை: வெளிப்பகுதியின் மோஷன் வெக்டர்கள் மறைத்த பகுதியைச் சுட்டினால், சிதைவு பிரேம் பிரேமாகப் பரவும். என்கோடிங்கின்போதே அந்த வெக்டர்களைக் கட்டுப்படுத்தியாக வேண்டும்.

முழு ஏஇஎஸ். ஃபைல் முழுவதையும் ஏஇஎஸ் என்ற என்கிரிப்ஷன் முறையால் பூட்டுவது. உள்ளடக்கம் உண்மையிலேயே ரகசியம் என்றால் இதைத் தவிர வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டோம். முதலில் சுருக்கி, அதன் பிறகு பூட்டுங்கள். ஏஇஎஸ்ஸைப் பயன்படுத்தும் வழிகளுக்கு மோட் என்று பெயர். அவற்றில் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே பூட்டும் இசிபி மோட் கூடவே கூடாது: ஒரே மாதிரியான 16 பைட்டுகள் ஒரே விடையைத் தருவதால், சுருக்காத படத்தின் உருவம் அப்படியே தெரியும். எண்ணிக்கை (கவுன்டர்) ஒன்றை வைத்துப் பூட்டும் சிடிஆர் மோடில் ஒரே கீயோடு கவுன்டரும் திரும்ப வந்தால், இரண்டு பூட்டிய பிரேம்களை எக்ஸ்ஓஆர் (பிட்டுகளை ஒப்பிட்டு வேறுபடுபவற்றைக் காட்டும் கணக்கு) செய்தாலே அசல்களின் வித்தியாசம் வெளிப்படும். ஜிசிஎம் மோடை எடுத்தால் 12 பைட் நான்ஸை (ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் எண்) ஒரே கீயோடு ஒருபோதும் மறுபடி பயன்படுத்தாதீர்கள். அதன் 16 பைட் டேக் (சரிபார்ப்புக் குறி), யாராவது இடையில் திருத்தினால் காட்டிக்கொடுக்கும். ஸ்ட்ரீமிங்கில் பயன்படும் சிபிசிஎஸ் என்ற முறை வீடியோவின் பத்து பிளாக்கில் (16 பைட் துண்டுகள்) ஒன்றை மட்டும் பூட்டுவது வழக்கம். ஹெடர்கள் திறந்தே இருக்கும். வேகத்திற்காகச் செய்துகொண்ட சமரசம் அது.

ஆய்வுக் கட்டுரைகளில் என்பிசிஆர் (மாறிய பிக்சல்களின் விகிதம்) 99.61%, யுஏசிஐ (மாற்றத்தின் சராசரி அளவு) 33.46% என்று அட்டவணை கண்டால் மயங்க வேண்டாம். எளிதில் உடையும் முறைகளும் அந்த எண்களை எட்டும். அதைவிடப் பயனுள்ள சோதனை, முழுக் கறுப்புப் படம் ஒன்றை உள்ளே கொடுத்துப் பார்ப்பது. வெளியே வருவதும் கறுப்பாகவே இருந்தால், அந்த முறை இடத்தை மட்டுமே மாற்றுகிறது, மதிப்பைத் தொடவே இல்லை.