டிராவான ஆட்டத்தில் வெற்றி எங்கே நழுவியது? லிச்செஸ் அலசலோடு சில வருடங்கள்

2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்த காலத்திலிருந்து எங்கள் செஸ் ஆட்டங்களை லிச்செஸ் என்ற செஸ் இணையதளத்தில் ஏற்றி அலசி வருகிறேன். தங்கச்சிமடத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை சரிபார்க்கும் கொட்டகையில் வெயில் தாழ்ந்ததும் பலகை விரியும். நகர்வுகளை நோட்டில் எழுதிவிடுவோம். தோற்ற ஆட்டத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். டிராவுக்குத்தான் ராத்திரி வரை சண்டை. "ஜெயிக்க வேண்டியதுண்ணே, விட்டுட்டேன்" என்று ஒருவர் சொல்வார். "எந்த இடத்துலடா?" என்று கேட்டால் பதில் வராது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் லிச்செஸ்ஸுக்கு வந்தேன்.

லிச்செஸ் முழுக்க இலவசம், விளம்பரமும் கிடையாது. நோட்டில் உள்ள நகர்வுகளைப் பலகையில் ஒவ்வொன்றாக வைத்துவிட்டுக் கணினி அலசல் கேட்டால், ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின், அதாவது நகர்வுகளைக் கணக்கிடும் நிரல், ஆட்டம் முழுவதையும் பார்த்து, ஒவ்வொரு நகர்விலும் யார் எவ்வளவு முன்னால் என்று மதிப்பிட்டு ஒரு வரைபடம் போட்டுத் தரும். பெரிய பிழைகளுக்குத் தனிக் குறி இருக்கும்.

ஆரம்பத்தில் எல்லோரும் அந்தக் குறிகளை மட்டும்தான் பார்ப்பார்கள். டிராவான ஆட்டத்துக்கு அது போதாது. ஒரே நகர்வில் மதிப்பு சடாரென்று விழுந்தால்தான் குறி விழுகிறது. மூன்று சிப்பாய் அளவுக்கு முன்னால் இருந்தவர் நகர்வுக்குக் கொஞ்சமாக இழந்துகொண்டே பூஜ்யத்துக்கு வந்தால், எந்த நகர்வும் பெரிய பிழையாகக் காட்டப்படாமல் போகலாம். வெற்றி போனது மட்டும் நிஜம். அதனால் குறிகளை விட்டுவிட்டு வரைபடத்தில் கோடு எங்கே சரிய ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். எங்கள் ஆட்டங்களில் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு காய் மாற்றம் இருக்கும். முன்னால் இருக்கிறோம், காய்களை வெட்டிக் குறைத்தால் சுலபம் என்ற அவசரம். எந்தக் காயை வெட்டுகிறோம் என்பதை யோசித்திருக்க மாட்டார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது டேபிள்பேஸ், அதாவது சில காய்களே மிஞ்சிய நிலைகளின் முடிவை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கும் தொகுப்பு. இரண்டு ராஜாக்களையும் சேர்த்துப் பலகையில் 7 காய்களோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், ஒவ்வொரு நகர்வும் வெற்றியா, டிராவா, தோல்வியா என்று தீர்மானமாகச் சொல்லிவிடும். போன தடைக்காலத்தில் என் அக்கா மகன் ஆடிய ஆட்டம் ஒன்று. வெள்ளை ராஜா டி4-ல், சிப்பாய் ஈ3-ல் (எழுத்து மேல்கீழ் வரிசை, எண் குறுக்கு வரிசை). கறுப்பு ராஜா தனியாக ஈ7-ல். வெள்ளையின் முறை. பையன் சிப்பாயை ஈ4-க்குத் தள்ளினான். கறுப்பு ராஜா டி6-க்கு வந்து எதிரே நின்றுகொண்டது. அதற்கப்புறம் எவ்வளவு முட்டியும் டிராதான். "சிப்பாய் ராணியாகணும்ல மாமா, அதான் தள்ளினேன்" என்றான்.

டேபிள்பேஸில் அந்த நிலையை வைத்தோம். ராஜா ஈ5-க்குப் போனால் வெற்றி, சிப்பாய் ஈ4-க்குப் போனால் டிரா. ஏன் என்று அது சொல்லாது, அதை நாம்தான் பிடிக்க வேண்டும். ராஜா ஈ5-ல் நின்றால் கறுப்பு ராஜா நகர்ந்தே ஆக வேண்டும். அது டி7-க்கு ஒதுங்கினால் நாம் எஃப்6, எஃப்7-க்கு ஒதுங்கினால் நாம் டி6. ராஜா முன்னால் போய் வழியைத் திறக்கும், சிப்பாய் பின்னால் வரும். இதை அவனே பத்துத் தடவை ஆடிப் பார்த்த பிறகுதான் போனைக் கீழே வைத்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. எஞ்சின் காட்டும் எல்லா வெற்றியையும் 'விட்டுவிட்ட வெற்றி' என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. 2018-ல் லண்டனில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் கார்ல்சனுக்கும் கருவானாவுக்கும் 12 ஆட்டங்களும் டிரா. ஆறாவது ஆட்டத்தில் கருவானா 68-வது நகர்வில் மந்திரியை எச்4-க்கு வைத்திருந்தால் வெற்றி என்று கணினி கண்டுபிடித்தது. பலகையில் உட்கார்ந்து அந்த வரிசையை ஒரு மனிதன் கடைசி வரை பார்ப்பது நடக்காத காரியம். அப்படிப்பட்டதைப் பார்த்து வியக்கலாம், வருந்த வேண்டியதில்லை. அதனால் இப்போதெல்லாம் எஞ்சினை முதலில் திறக்க விடுவதில்லை. எங்கே ஜெயித்திருக்கலாம் என்று ஆடிய இருவரும் நோட்டின் ஓரத்தில் எழுதிய பிறகுதான் திறப்போம். அவர்கள் எழுதியதும் எஞ்சின் காட்டுவதும் ஒத்துப்போகும் இடம்தான் உண்மையிலேயே கைக்கு எட்டிய வெற்றி.

குறைகளும் உண்டு. எஞ்சினைப் போனிலேயே நீண்ட நேரம் ஓடவிட்டால் போன் சுடுகிறது, சார்ஜும் மளமளவென்று இறங்குகிறது. டேபிள்பேஸுக்கு இணையம் வேண்டும், கொட்டகைப் பக்கம் சிக்னல் சில நேரம் நிற்பதில்லை. நோட்டில் நகர்வைத் தப்பாக எழுதியிருந்தால் பாதியில் மாட்டிக்கொள்வோம். அதனால் ஆட்டம் முடிந்த கையோடு, இருவரும் பக்கத்தில் இருக்கும்போதே ஏற்றிவிடுங்கள், மறுநாள் என்றால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.