ரஷ்ய ரயில்: பிளாத்ஸ்கார்த்தா, கூப்பேயா?

மாஸ்கோவிலிருந்து விளாதிவஸ்தோக் 9,289 கி.மீ.; ஏறக்குறைய ஏழு நாள். எந்தப் பெட்டி என்பதில்தான் பலருக்கும் குழப்பம்.

இடம்: பிளாத்ஸ்கார்த் கதவில்லாத திறந்த பெட்டி, 54 படுக்கைகள். கூப்பேயில் 36, நாலு பேருக்கு ஓர் அறை, உள்ளே தாழ் போடலாம்.

செலவு: பிளாத்ஸ்கார்த் மலிவு.

தூக்கம்: பிளாத்ஸ்கார்த்தில் எண் பார்த்து எடுங்கள். ஒற்றைப்படை கீழே, இரட்டைப்படை மேலே. 37 முதல் 54 வரை சைடு பெர்த். உயரமானவர் மடங்கித்தான் படுக்கணும். 37, 38 கழிப்பறையை ஒட்டியவை, இரவெல்லாம் கதவுச் சத்தம். கீழ் சைடு பெர்த்தின் நடுப்பகுதிதான் பகலில் மேஜை. மேலே படுப்பவர் சாப்பிட்டு முடிக்கும்வரை உங்களுக்குப் படுக்கை இல்லை!

பழக்கவழக்கம்: இரண்டிலும் ஒன்றே. ஏறியதும் வீட்டு உடை, ரப்பர் செருப்பு. பெட்டிக் கோடியில் வெந்நீர் இலவசம். கண்ணாடி டம்ளரும் அதைத் தாங்கும் உலோகப் பிடியும் பெட்டிப் பணிப்பெண்ணிடம் கேட்டால் தருவார். எதிரே இருப்பவர் வெள்ளரிக்காய் நீட்டினால் வாங்கிக்கொண்டு உங்கள் பிஸ்கட்டை நீட்டுங்கள்.

ஓரிரவுப் பயணம், பேச ஆள் வேண்டும் என்றால் பிளாத்ஸ்கார்த். மூன்று இரவுக்கு மேல், கூடவே குழந்தை என்றால் கூப்பே. குறட்டைக்காரர் வாய்த்தால் மட்டும் அந்தச் சின்ன அறையில் தப்ப வழியில்லை.