வளவில் ஒரு வெண்திரை: வீட்டு புரொஜெக்டர் பற்றிய மதிப்புரை

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் தொலைக்காட்சிக்குக் குறைவில்லை. ஆனால் திருவிழாவுக்கும் முன்னோர் வழிபாடான படைப்புக்கும் ஊர் திரும்பும் குடும்பம், ஆளுக்கொரு அறையில் கைப்பேசியோடு ஒதுங்கிவிடுவதால், ஒரு படத்தைக்கூடச் சேர்ந்து பார்ப்பதில்லை. அனைவரையும் வீட்டின் நடுமுற்றமான வளவில் உட்காரவைத்துப் படம் காட்டவேண்டும் என்ற நோக்கத்துடன்தான், இருபதாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் எல்.இ.டி. புரொஜெக்டர் ஒன்றை வாங்கினோம். இந்த விலையில் பல பெயர்களில் விற்கப்படும் கருவிகள் உள்ளமைப்பில் ஏறத்தாழ ஒரே வகையாக இருப்பதால், பெயரை விட்டுவிட்டு அவற்றின் இயல்பையே எழுதுகிறேன்.

பெட்டியின் மேல் '4கே' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அந்தத் தரத்திலுள்ள படத்தைக் கருவி ஏற்றுக்கொள்ளும் என்பதே அதன் பொருள். சுவரில் விழும் படம் 1920க்கு 1080 புள்ளிகள்தான். வெளிச்சத்தைப் பொறுத்தவரை 'ஆன்சி லூமென்ஸ்' என்ற அளவை மட்டும் நம்புங்கள். எங்கள் கருவியின் அளவு 400. வளவு வானம் பார்த்த இடம் என்பதால், பொழுது நன்றாக இருட்டிய பிறகே இந்த வெளிச்சம் போதுமானதாகிறது. தாழ்வாரத்தில் ஒரு விளக்கு எரிந்தால்கூடப் படம் வெளிறிவிடும்.

சுவரைப் பற்றி எந்த விளம்பரமும் சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுச் சுவர், பார்ப்பதற்கு வெண்திரையைவிட வெண்மையாக இருந்தாலும், அந்த மெருகே படத்திற்குப் பகையாகிறது. நடுவில் வெளிச்சம் குவிந்து கண்ணைக் கூசவைக்க, ஓரங்கள் மங்கிப்போகின்றன. ஆகவே பளபளப்பில்லாத துணித்திரை ஒன்றை இரண்டு தேக்குத் தூண்களுக்கு இடையில் கட்டினோம். நூறு அங்குலப் படத்திற்குக் கருவியை ஏறத்தாழ 2.7 மீட்டர் தள்ளி, திரைக்கு நேராக வைக்கவேண்டியிருந்தது. சாய்வாக வைத்துவிட்டு, கோணிய படத்தை நேராக்கும் 'கீஸ்டோன்' வசதியால் சரிசெய்துகொள்ளலாம்தான். ஆனால் அப்போது புள்ளிகளில் ஒரு பகுதி வீணாகிப் படத்தின் கூர்மை குறைகிறது.

முதலில் போட்ட படம் 'நாம் இருவர்'. ஏவி. மெய்யப்பன் தம் சொந்த ஊர்ப் பக்கமே ஸ்டுடியோ அமைத்து எடுத்த படம் அது, ஏவி.எம். நிறுவனம் சென்னையில் வேரூன்றுவதற்கு முந்தைய காலத்தது. விடுதலைக்குச் சில மாதங்கள் முன்பு, 1947இன் தொடக்கத்தில் வெளிவந்தது. விடுதலை கிடைத்துவிட்டதாகவே எண்ணிப் பாரதி பாடிய பள்ளுப் பாட்டு, டி.கே. பட்டம்மாளின் குரலில் ஒலிக்க, குமாரி கமலா ஆடுகிறார். கைப்பேசியில் இந்த ஆடலைப் பலமுறை பார்த்தவன் நான். ஆயினும் அந்தச் சிறுமியின் முகம் ஆளுயரத்திற்கு எழுந்து நின்றபோதுதான், இன்னும் கிடைக்காத ஒன்றைக் கிடைத்ததாகக் கொண்டாடும் துணிவு எத்தகையது என்பது எனக்கு உறைத்தது. அப்பத்தா பாட்டு முடியும்வரை பேசவில்லை, பிறகு, "இது நம்ம ஊர்ல எடுத்ததாப்பா?" என்று கேட்டு, மறுபடியும் போடச் சொன்னார்கள். ஒரு படம் தன் மண்ணில் பிறந்தது என்று அறிந்து பார்ப்பதில் ஒரு பெருமிதம் இருக்கிறது. அது நடிப்பையோ கதையையோ மதிப்பிடுவதிலிருந்து வேறானது; அதைக் குறைவானதென்று நான் எண்ணவில்லை.

பழைய படங்களின் சட்டகம் ஏறத்தாழச் சதுரமானது. இந்தக் கருவியோ, வாங்கி வந்தபடியே இயக்கினால், படத்தை அகலமாக இழுத்து முகங்களைத் தட்டையாக்குகிறது. அமைப்புகளுக்குள் சென்று 4:3 என்று மாற்றினால் இருபுறமும் கறுப்புப் பட்டை வரும். வரட்டும், முகம் முகமாக இருக்கும். கறுப்பு வெள்ளையின் சாம்பல் நிற அடுக்குகளைக் கருவி நன்றாகவே காட்டுகிறது. இருண்ட காட்சிகளில்தான் தடுமாற்றம். செட்டிநாட்டு வீட்டைக் களமாகக் கொண்டு 2000ஆம் ஆண்டு வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தைப் போட்டபோது, தேக்கின் கரும்பழுப்பும் நிழலும் ஒன்றாகக் கலந்துவிட, தூண்களைப் பார்த்து "நம்ம வீடு மாதிரியே இருக்கு" என்று குதித்த பிள்ளைகளுக்குக்கூடச் சில இடங்களில் தூண் எது, இருட்டு எது என்று தெரியவில்லை.

உள்ளே பொருத்தப்பட்ட ஒலிபெருக்கியை மறந்துவிடுவது நல்லது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் உயர்ந்த சுவர்களும் ஒலியை எதிரொலித்துக்கொண்டே இருப்பதால், மெலிந்த அந்த ஒலியில் வசனம் குழைந்துபோகிறது. சிறுகூடற்பட்டியில் பிறந்த கண்ணதாசனின் பாட்டில் சொல் புரியாமல் போனால், பிறகு பாட்டு எதற்கு? தனி ஒலிபெருக்கியைக் கம்பி வழியாக இணைத்து, தரையெங்கும் ஜமுக்காளம் விரித்தபின் ஒவ்வொரு சொல்லும் தெளிந்தது. புளூடூத்தில் இணைத்தால் உதட்டசைவுக்கும் ஒலிக்கும் இடையே சற்றே இடைவெளி விழுகிறது. பேச்சை ஊன்றிக் கேட்பவர்களுக்கு அது பெருந்தொல்லை. மின்விசிறியின் இரைச்சல் அமைதியான காட்சிகளில் கேட்கும் என்பதால், அருகில் உட்காராமல் சற்றுத் தள்ளி உட்காருங்கள்.

கிரிக்கெட்டுக்காகவும் செய்திக்காகவும் பகலில் போட்டுப் பார்க்க நினைப்பவர்கள் இதை வாங்கவேண்டாம். அதே பணத்துக்கு நல்ல தொலைக்காட்சி கிடைக்கும். இருட்டியபின் சொந்தங்களோடு அமர்ந்து படம் பார்க்க விரும்புகிறவர்களுக்குத் திரை, ஒலிபெருக்கிச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் கொடுத்த பணத்துக்குத் தகுந்த பொருள் என்று உறுதியாகச் சொல்வேன். வாங்குமுன் கடைக்காரரிடம் விளம்பரத்துக்கென்று வைத்திருக்கும் கடற்கரைக் காட்சியை நிறுத்தச் சொல்லி, நீங்கள் நன்கறிந்த கறுப்பு வெள்ளைப் படமொன்றின் இரவுக் காட்சியைப் போடச் சொல்லிப் பாருங்கள்.