ஜெர்மனி ப்ளூ கார்டு என்று சொல்லி 4,60,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நேற்று மதியம் மூன்றாவது முறையாக அந்த ஆபீஸ் படியேறிவிட்டு வந்தேன். பணம் திரும்ப வராது என்று இந்த முறை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். 4,60,000 ரூபாய். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. ஜெர்மனியில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பளமுள்ள வேலை கிடைத்த பட்டதாரிகளுக்கு அந்த நாடு தரும் அனுமதிதான் ப்ளூ கார்டு. அதற்கு முயற்சி செய்கிற ஒருத்தராவது இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டாமல் திரும்பினால் போதும். என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் மெக்கானிக்கல் படித்தவன். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் எட்டு வருடமாக டிசைன் வேலை. என்னை ஏமாற்றியது, வெளிநாட்டு வேலைக்கு வழிகாட்டுவதாக போர்டு வைத்திருக்கும் ஓர் ஏஜென்சி. புகார் கொடுக்கும்வரை பெயரைப் போட வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொன்னதால் போடவில்லை. இரண்டாவது மாடி, கண்ணாடிக் கதவு, சுவரில் ஐரோப்பா மேப், விசா ஒட்டிய பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற பையன்களின் போட்டோக்கள். இந்த மாதிரி ஆபீஸ் எல்லா ஊரிலும் இருக்கிறது.

2025 ஜூலையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே இருந்த மேடம் முதலில் என்னிடம் பேசவே இல்லை. அம்மாவுக்கு டீ வாங்கி வரச் சொன்னார், முழங்கால் வலி பற்றி விசாரித்தார், எந்த ஊர் என்று கேட்டார். எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் தன் மாமியார் வீடு என்றார். பத்து நிமிடம் கழித்துத்தான் என் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்க தொழில் ஜெர்மனில ஆள் பற்றாக்குறைப் பட்டியல்ல இருக்குதுங்க. மத்தவங்களுக்கு 48,300 யூரோ சம்பளம் வேணும். உங்களுக்கு இது போதும்" என்று ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில் 43,760 என்று எழுதி, இரண்டு முறை வட்டம் போட்டு என் பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தில் ஒட்டினார். "இந்த நம்பரைத் தாண்டின கான்ட்ராக்ட் ஒண்ணு கையில வந்துட்டா ப்ளூ கார்டு உறுதி. அம்மா, நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க, என் பையனாட்டப் பார்த்துக்கறேன்."

அந்த மஞ்சள் தாள் இன்னும் பாஸ்போர்ட்டுக்குள்தான் இருக்கிறது. நான் நம்பியது அந்த நொடியில்தான். வீட்டுக்கு வந்து அந்த நம்பரை இணையத்தில் தேடினேன், அது சரியாகவே இருந்தது! 2025-க்கு பற்றாக்குறைத் தொழில்களுக்கான வரம்பு 43,759.80 யூரோ. பொய் சொல்கிறவர்கள் இவ்வளவு துல்லியமாகச் சொல்வார்களா என்று நினைத்தேன்.

பதிவுக் கட்டணம் 60,000. அதில் ஒரு பகுதி என் டிகிரியை ஜெர்மனி ஒப்புக்கொள்கிறதா என்று பார்த்துத் தரும் 'அறிக்கை'க்கு. வந்தது நான்கு பக்க பிரிண்ட் அவுட். அனபின் என்ற ஜெர்மன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் கல்லூரியையும் படிப்பையும் தேடிப் பார்க்கலாம். அந்தப் பக்கத்தைத்தான் பிரிண்ட் போட்டு, மேலே தங்கள் முத்திரையைக் குத்திக் கொடுத்திருந்தார்கள்.

நவம்பர் முதல் வாரம் கான்ட்ராக்ட் வந்தது. ஆண்டுக்கு 44,000 யூரோ. வட்டம் போட்ட நம்பரைவிட 240 யூரோ அதிகம். வீட்டில் பாயசம் வைத்தார்கள். மறுநாளே 2,50,000 கேட்டார்கள், என் சேமிப்பையும் சீட்டுப் பணத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். ஃபைலை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டதற்கு, "மூணாவது தவணை 1,50,000 வந்தாத்தான் ஃபைல் நகரும்" என்றார்கள். அதைப் புரட்ட எனக்கு இரண்டு மாதம் ஆனது. ஜனவரி 8-ம் தேதி அம்மாவின் சங்கிலியையும் நாலு வளையலையும் வங்கியில் அடகு வைத்து அனுப்பினேன். எடை போடுகிறவர் வளையலை உரசிப் பார்க்கும்போது அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று தவணையும் ஒரு தனிநபரின் கணக்குக்குப் போனது. பில் கேட்டபோதெல்லாம் "விசா வந்ததும் மொத்தமா தர்றோம்." ஜனவரி 19-ம் தேதி விண்ணப்பம் போனது.

மார்ச்சில் பதில் வந்தது. வரம்பு 45,934.20 யூரோ, என் கான்ட்ராக்ட்டில் உறுதியான சம்பளம் 36,000 யூரோ, ஆகவே ப்ளூ கார்டு கிடையாது.

இரண்டு நம்பருமே எனக்குப் புரியவில்லை. ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் காலேஜ் சீனியருக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். அவர் இருபது நிமிடத்தில் கூப்பிட்டு, "ஏன்டா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை காட்டியிருக்கக் கூடாதா?" என்றார். அதற்கப்புறம் அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள்.

இந்தச் சம்பள வரம்பு நிலையான எண் அல்ல. ஜெர்மனியில் ஓய்வூதியத்துக்குப் பிடித்தம் செய்ய ஆண்டுச் சம்பளத்தில் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அதில் 50 சதவீதம் பொதுவான ப்ளூ கார்டு வரம்பு, 45.3 சதவீதம் பற்றாக்குறைத் தொழில்களுக்கான வரம்பு. அந்த உச்சவரம்பு 2025-ல் 96,600 யூரோ, 2026-ல் 1,01,400 யூரோ. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், 43,759.80-ம் 45,934.20-ம் அப்படியே வரும். 2024-ல் பற்றாக்குறைத் தொழில்களுக்கான வரம்பு 41,041.80-ஆக இருந்தது. ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் மாறுகிறது. 2026-க்கான உச்சவரம்பை அந்த நாட்டு அமைச்சரவை 2025 அக்டோபரிலேயே முடிவு செய்துவிட்டது. என் கான்ட்ராக்ட் வந்தது நவம்பரில்! டிசம்பர் 31-க்குப் பிறகு 44,000 யூரோ கான்ட்ராக்ட் ப்ளூ கார்டுக்குச் செல்லாது என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். தெரிந்தும் மூன்றாவது தவணைக்காக ஃபைலைப் பிடித்து வைத்திருந்தார்கள். தெரியாது என்றால் எதற்கு 4,60,000 வாங்கினார்கள்?

இரண்டாவது விஷயம் இன்னும் மோசம். 44,000 என்பதே கூட்டிக் காட்டிய கணக்கு. மாதம் 3,000 யூரோ பேசிக், அது 36,000. மிச்சம் 8,000 'கம்பெனியின் லாபத்தைப் பொறுத்து' தரும் போனஸ். கான்ட்ராக்ட்டின் ஆறாவது பக்கத்தில் ஜெர்மன் மொழியில் இருந்தது. எனக்குக் கொடுத்த மொழிபெயர்ப்பில் ஒரே வரி, ஆண்டுச் சம்பளம் 44,000. உறுதியில்லாத போனஸை வரம்புக்குக் கணக்கில் எடுக்கவே மாட்டார்கள். ஆக, ஃபைல் டிசம்பரிலேயே போயிருந்தாலும் தேறியிருக்காது.

பற்றாக்குறைத் தொழில் என்றால் குறைந்த சம்பளத்துக்குச் சும்மா விசா கொடுத்துவிடுவார்கள் என்பதும் பொய். குறைந்த வரம்பில் போகிறவர்களுக்கு ஜெர்மன் வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் வேண்டும். அதே வேலை பார்க்கும் உள்ளூர்க்காரருக்குக் கிடைக்கும் சம்பளத்தைவிட இவருக்குக் குறைத்துக் கொடுக்கிறார்களா என்று அவர்கள் பார்ப்பார்கள். 2026-க்கான பொதுவான வரம்பான 50,700 யூரோவைத் தாண்டினால்தான் அந்த ஒப்புதல் தேவையில்லை. எட்டு வருட அனுபவமுள்ள டிசைன் இன்ஜினியருக்கு 36,000 என்பதை யார் ஒத்துக்கொள்வார்கள்? அந்த முகமையே எந்த வேலைக்கு எவ்வளவு சம்பளம் என்று காட்டும் 'என்ட்கெல்ட் அட்லஸ்' என்ற பக்கத்தை இலவசமாக வைத்திருக்கிறது. சீனியர் சொல்லித்தான் எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியும்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டும். முதல் நாள் போன் செய்தால் மேடம் மீட்டிங்கில் இருக்கிறார். மறுநாள் மேடம் கொச்சின் போயிருக்கிறார். நான்காம் நாள் எடுத்தார். "அந்த நாட்டு அரசாங்கம் ரூல் மாத்தினா நாங்க என்னங்க பண்ண முடியும்?" போனஸ் பற்றிக் கேட்டேன். "அது கம்பெனிக்காரங்க எழுதினது." மொழிபெயர்ப்பு நீங்கள் கொடுத்ததுதானே என்றேன். லைன் கட். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: ப்ளூ கார்டு வேண்டாம், சாதாரண வொர்க் விசாவாக மாற்றிப் போடலாம், அதற்கு 75,000. அந்த விசாவுக்கும் அதே முகமை சம்பளத்தை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஒப்புதல் தரும் என்று நான் திருப்பி எழுதியதும் ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது. என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

முதல் தடவை நேரில் போனபோது வரவேற்பில் இருந்த பையன் என் பெயரையே தேடிக் கண்டுபிடிக்க முடியாத மாதிரி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது தடவை மேலாளர் என்று ஒருவர் வந்து, "நீங்க கட்டினது சேவைக் கட்டணம், சேவை கொடுத்தாச்சு" என்றார். நேற்று, ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்ப உங்களிடம் அரசாங்க உரிமம் இருக்கிறதா என்று கேட்டேன். "நாங்க ஏஜென்ட் இல்லீங்க, கன்சல்டன்சி. எங்களுக்கு அது தேவையில்லை." 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்து அனுப்புகிறவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும், அவர்கள் வாங்கக்கூடிய கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். என்னிடம் வாங்கியது 4,60,000.

நான் வெளியே வரும்போது சோபாவில் ஓர் அம்மாவும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா கையில் டீ இருந்தது. "பணம் கட்டிட்டீங்களாங்கம்மா?" என்று கேட்டேன். இன்றைக்குப் பதிவுக்கு 60,000 கொண்டுவந்திருக்கிறோம் என்றார்கள். அதற்குள் வரவேற்புப் பையன் எழுந்து வந்து என் தோளில் கை வைத்து வெளியே தள்ளினான். லிஃப்ட் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றேன். அவர்கள் வரவில்லை.

என்ன செய்யலாம் என்று சொல்வதாக எழுதியிருந்தேன். நிதானமாக எழுத இப்போது முடியவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த வருட வரம்பை 'மேக் இட் இன் ஜெர்மனி' என்ற ஜெர்மன் அரசாங்கத் தளத்தில் நீங்களே பாருங்கள், ஏஜென்ட் எழுதிக் கொடுப்பதை நம்பாதீர்கள். கான்ட்ராக்ட்டில் போனஸை விட்டுவிட்டு பேசிக்கை மட்டும் பன்னிரண்டால் பெருக்குங்கள். ஜெர்மன் பக்கங்களைத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடுங்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள், பில் தரவில்லை என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இதே மாதிரி இரண்டாவது மாடி, கண்ணாடிக் கதவு, மஞ்சள் தாள் என்று யாருக்காவது நடந்திருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம். யாரும் வராவிட்டாலும் திங்கட்கிழமை காலை நான் கமிஷனர் ஆபீஸ் போகிறேன். பணம் அனுப்பிய மூன்று ரசீது, ஆறாவது பக்கம், அவர்கள் கொடுத்த மொழிபெயர்ப்பு, பாஸ்போர்ட்டிலிருந்து பிரிக்காமல் அந்த மஞ்சள் தாள், எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டேன். அம்மாவும் வருகிறேன் என்கிறார்.