ஸ்வீட் கார்ன் நாத்துன்னு சொல்லி கோழித்தீவன சோளத்த குடுத்துட்டாங்க, 32,500 ரூபா போச்சு – பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை பக்கம் இருக்கவங்க படிங்க

வயிறு எரியுது. கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஏவாரி வந்து எங்க கொல்லியில (வயல்ல) நாலு கருது உரிச்சு கடிச்சு பாத்துட்டு துப்பிட்டு போனாரு, அந்த கோவத்துலயே எழுதறேன், முன்ன பின்ன இருக்கும். நாத்து வாங்கறதுல இருந்து கருது ஒடிக்கற வரைக்கும் எங்கெங்க உஷாரா இருக்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன். அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு கேளுங்க.

எங்களுக்கு தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம், போர் தண்ணி, சொட்டுநீர் போட்ட ஒரு ஏக்கர். எப்பவும் தக்காளிதான் வைப்போம், போன ரெண்டு போகமும் வெல விழுந்து பறிச்ச கூலி கூட வரல. சித்திரை வெயிலுக்கு ஒகேனக்கல், கிருஷ்ணகிரி கேஆர்பி டேம் பக்கம் எல்லாம் வேக வெச்ச ஸ்வீட் கார்ன் நல்லா ஓடும், பெங்களூர்க்கும் ஓசூர் வழியா வண்டி போகும், அதுக்கு சரியா வர்ற மாதிரி தை கடைசியில நடலாம்னு வீட்டுக்காரரும் நானும் முடிவு பண்ணோம். விதையா ஊனலாம்னா எங்க பக்கம் மயில் தொல்ல ஜாஸ்தி, ஊனுன மறுநாளே பார் பாரா (வரிசை வரிசையா) நோண்டிட்டு போயிடும், அந்த விதையும் கிலோ ரெண்டாயிரத்துக்கு மேல. அதனால குழித்தட்டு நாத்தா வாங்கி நட்டா கேப் விழாதுன்னு நெனச்சோம்.

அப்பதான் ஃபோன்ல வீடியோ போட்டு நாத்து விக்கற ஒரு நர்சரி கண்ணுல பட்டுச்சு. நம்ம ஏரியாவுலதான் நெட் கட்டி வெச்சிருக்காங்க, தக்காளி, மொளகா, கோஸு எல்லா நாத்தும் போடறாங்க, பேர் சொல்ல விரும்பல. நம்பர் குடுத்ததும் மறுநாளே ஒரு தம்பி பைக்ல கொல்லிக்கே வந்துட்டான். அத நெனச்சாதான் ஆத்திரம் ஆத்திரமா வருது. செருப்ப வரப்புலயே கழட்டி விட்டுட்டு உள்ள எறங்கி மண்ண கையில எடுத்து பாத்தான், எங்க அத்தைய அம்மா அம்மான்னு கூப்பிட்டான், குடுத்த மோர வாங்கி குடிச்சிட்டு எங்க அப்பாவும் விவசாயிதாங்க, நானும் கடன் வாங்கி படிச்சவன்தான்னு சொன்னான். பையில இருந்து ஒரு கருத எடுத்து உரிச்சு எம்பொண்ணு கையில குடுத்து, "சாப்புடு பாப்பா, இது எங்க நாத்துல வெளஞ்சது"ன்னான். அவ பச்சையாவே கடிச்சு தின்னா, சக்கரையா இருந்துச்சு. "அக்கா, இதே ரகம்தான், எழுவது எழுவத்தஞ்சு நாள்ல கருது ஒடிக்கலாம், வெளைஞ்சதும் வாங்கிக்க ஆளும் நானே அனுப்பறேன்"னு சொன்னான். வீட்டுக்காரர் கூட விதை பாக்கெட்ட காட்டுப்பான்னு கேட்டாரு. அது நர்சரியில இருக்குண்ணா, நாத்து எறக்கும்போது கொண்டு வரேன்னான். பச்ச புள்ள கையில கருத குடுத்துட்டு பேசறவன எப்படி சந்தேகப்படறது?

நாத்து ஒண்ணு 1 ரூபா 25 காசு, 24,000 நாத்து, முப்பதாயிரம் ஆச்சு, வண்டி வாடக 2,500. மொத்தம் 32,500. பாதிய அன்னைக்கே ஜிபேல போட்டோம், மீதிய எறக்கும்போது கையில குடுத்தோம். அது மகளிர் குழுவுல நான் எடுத்த லோனுங்க, இன்னும் தவணை கட்டிட்டு இருக்கேன். பில்லு கேட்டா ஆபீஸ்ல இருந்து வாட்ஸ்அப்ல வந்துரும்க்கான்னான், இன்ன வரைக்கும் வரல. டிரைவர் கையில இருந்த ஒரு துண்டு சீட்டுலதான் "நாத்து 24,000, பைசல்"னு எழுதி குடுத்தாங்க. விதை பாக்கெட்டும் வரல, அவசரத்துல எடுக்க மறந்துட்டேன்க்கா, போட்டோ அனுப்பறேன்னான்.

நாங்க ஒழைச்சத கேளுங்க. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஆள் விட்டு நட்டோம். தொழுவுரம் கொட்டி, அடியுரமா டிஏபி, பொட்டாஷ் போட்டு, ஜிங்க் சல்பேட்ட மணல்ல கலந்து தூவி, யூரியாவ ரெண்டு தடவையா பிரிச்சு குடுத்து, களை வெட்டி மண்ணு அணைச்சு விட்டோம். படைப்புழு இருக்கே, 2018ல நம்ம நாட்டுக்கு வந்ததுல இருந்து மக்காச்சோளம் வெக்கறவங்களுக்கு நிம்மதியே இல்ல, குருத்துக்குள்ள ரம்பத்தூள் மாதிரி எச்சம் தெரிஞ்சா புழு உள்ள உக்காந்திருக்குன்னு அர்த்தம். தினம் காலையில நானும் அத்தையும் பார் பாரா குருத்த பிரிச்சு பாத்து, எமாமெக்டின் பென்சோயேட் 10 லிட்டர் தண்ணிக்கு 4 கிராம் கலந்து குருத்துக்குள்ளயே விழற மாதிரி அடிச்சோம். பயிர் கருகருன்னு வந்துச்சு, ரோட்டுல போறவங்க எல்லாம் நின்னு பாத்துட்டு போவாங்க. ஸ்வீட் கார்ன்ல நிறைய ரகம் அடியில பக்கத்தூர் (பக்கத்துல கெளைக்கற தண்டு) விடும், இதுல ஒண்ணு கூட வரல. ஆளு ஒசரத்துக்கு மேல போயிடுச்சு, பூவும் தள்ளி தள்ளிதான் வந்துச்சு. அந்த தம்பிகிட்ட கேட்டா, உங்க மண்ணு நல்ல மண்ணுக்கா, அதான் இப்படி வளருதுன்னான்.

கருதுல பட்டுநூல் வந்து இருவது நாள் வாக்குல ஸ்வீட் கார்ன ஒடிச்சிரணும், நூல் காஞ்சு பழுப்பாகியிருக்கும், நகத்துல மணிய கீறினா பால் வரும். எல்லாம் சரியாதான் இருந்துச்சு. ஆளு அனுப்பறேன்னு சொன்ன தம்பி அனுப்பல, நாங்களே பெங்களூர்க்கு ஏத்தற ஏவாரி ஒருத்தர கூட்டிட்டு வந்தோம். அவரு கடிச்சாரு, துப்புனாரு. இன்னொரு பாருக்கு போய் ஒடிச்சாரு, கொல்லி நடுவுல போய் ஒடிச்சாரு. "யம்மா, இது நாமக்கல்லுக்கு கோழிக்கு போற சோளம், ஸ்வீட் கார்னே இல்ல, யாரு குடுத்தா உங்களுக்கு?"ன்னு கேட்டாரு. நானும் கடிச்சு பாத்தேன், வாயெல்லாம் மாவு. அத்தை அங்கயே வரப்புல உக்காந்து அழுதுட்டாங்க.

ஒடனே ஃபோன் போட்டேன். ஒரு பொண்ணு எடுத்து போட்டோ அனுப்புங்கக்கான்னுச்சு. அனுப்பினேன். உரிச்சு காட்டற மாதிரி வீடியோ அனுப்புங்கன்னாங்க. அதையும் அனுப்பினேன். டெக்னிக்கல் சார் பாத்துட்டு கூப்பிடுவாருன்னாங்க. அவரு கூப்பிடல, வாய்ஸ் மெசேஜ்தான் வந்துச்சு, பொட்டாஷ் பத்தல அதான் இனிப்பு ஏறலன்னு. போட்டிருக்கோம்னு சொன்னேன். அப்படின்னா லேட்டா ஒடிச்சிருப்பீங்கன்னாரு. பால் பருவத்துலயே வீடியோ எடுத்து அனுப்பியிருக்கேனே சார்னு சொன்னதும், "பக்கத்து காட்டுல மக்காச்சோளம் இருந்திருக்கும், மகரந்தம் காத்துல வந்து கலந்திருச்சு, அதுக்கு நாங்க பொறுப்பு இல்ல"ன்னு சொல்லிட்டாரு.

இதத்தான் நல்லா கவனிக்கணும், ஏன்னா வெவரம் தெரியாதவங்க இந்த எடத்துல வாய மூடிட்டு போயிடுவாங்க. மகரந்தம் கலந்தா இனிப்பு கெடும்ங்கறது நெசம்தான். அதனாலதான் சாதா மக்காச்சோளத்துக்கு குறைஞ்சது 250 மீட்டராவது தள்ளி ஸ்வீட் கார்ன் வெக்க சொல்றாங்க, இல்லன்னா ரெண்டும் பூக்கற நேரம் ரெண்டு வாரத்துக்கு மேல தள்ளி இருக்கணும். ஆனா எங்கள சுத்தி தக்காளியும் சாமந்தியும்தான், கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் சோளமே கெடையாது. அது மட்டும் இல்ல, கருத எடுத்துட்டு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துல போய் காட்டினோம். அவங்க தெளிவா சொன்னாங்க, வெளி மகரந்தம் கலந்தா அது விழுந்த மணி மட்டும்தான் மாறும், ஒரே கருதுல இனிப்பு மணியும் மாவு மணியும் கலந்து இருக்கும், காய வெச்சா இனிப்பு மணி சுருங்கி போகும், மாவு மணி வழவழன்னு நிக்கும். எங்க கொல்லியில ஓரத்து கருதுலயும் நடு கருதுலயும் ஒரு மணி விடாம எல்லாமே மாவு. முன்னாடியே முத்தி காஞ்ச கருது நாலு இருந்துச்சு, அதுல ஒரு மணி கூட சுருங்கல, உச்சியில பல் மாதிரி குழி விழுந்து கெட்டியா நிக்குது. அப்ப விதையே வேற விதைன்னுதான அர்த்தம். சாதா மக்காச்சோள விதை ஸ்வீட் கார்ன் விதைய விட பல மடங்கு கம்மி வெல, அதுலதான் அவங்க லாபம் பாத்திருக்காங்க.

இத அப்படியே எழுதி அனுப்பினதும் ரெண்டு நாள் பதிலே இல்ல. அப்புறம் அந்த பொண்ணு, "அக்கா, சீட்டுல ரகம் பேரு ஒண்ணும் இல்லையே, நீங்க எந்த நாத்து வாங்கினீங்கன்னு எங்களுக்கு எப்படி தெரியும்?"னு கேக்குது. பேர எழுதாம சீட்டு குடுத்தது அவங்க, கேள்வி கேக்கறதும் அவங்களே. மோர் குடிச்சிட்டு போன தம்பிக்கு வேற நம்பர்ல இருந்து அடிச்சேன், நான் இப்ப அங்க வேலையில இல்லக்கான்னு வெச்சுட்டான். வீட்டுக்காரர் நேர்ல போனாரு, ஓனர் பெங்களூர்ல இருக்காருன்னு கேட்லயே நிக்க வெச்சுட்டாங்க. கடைசியா ஒருத்தர் பேசினாரு, "விட்ருங்கம்மா, முத்தட்டும், கோழித்தீவனத்துக்கு வித்துக்கலாம், அடுத்த தடவ நாத்துக்கு பத்து பர்சன்ட் கொறச்சு தரோம்"னாரு. முத்த இன்னும் ஒரு மாசத்துக்கு மேல தண்ணி பாய்ச்சணும், போர்ல இப்பவே விட்டு விட்டு ஊத்துது. எங்க 32,500 ரூபாய்க்கு பதில் இன்னொரு தடவ அவங்ககிட்டயே வாங்கணுமாம். நான் கோவமா பேசினதும் நம்பர பிளாக் பண்ணிட்டாங்க. வீடியோ மட்டும் இன்னும் தினம் போட்டுட்டுதான் இருக்காங்க, நேத்து கூட ஸ்வீட் கார்ன் நாத்து ரெடின்னு வந்துச்சு.

ஆள் கூலி, உரம், மருந்து எல்லாம் தனி, அத நான் கணக்குல கூட சேக்கல. நாத்துக்குன்னு கையில இருந்து போனதே 32,500. இப்ப பயிர அறுத்து மாட்டுக்கு போட்டுட்டு இருக்கோம், சாட்சிக்காக ஒரு பக்கம் நாலு பார் மட்டும் அப்படியே விட்டு வெச்சிருக்கோம்.

விவரமா சொல்றேன்னு ஆரம்பிச்சேன், இப்ப பொறுமை இல்ல, குழு தவணைக்கு வேற கெளம்பணும், முக்கியமானத மட்டும் சொல்லிடறேன். நாத்தா வாங்கினா விதை கண்ணுக்கே தெரியாது, அங்கதான் ஏமாத்தறாங்க, அதனால தட்டுல போடறதுக்கு முன்னாடியே போய் விதைய கையில வாங்கி பாருங்க, இப்ப வர்ற ஸ்வீட் கார்ன் விதை சுருங்கி லேசா இருக்கும், கொழுகொழுன்னு கெட்டியா இருந்தா வேணாம்னு வந்துருங்க. பாக்கெட்ட ரகம் பேரு, லாட் நம்பர், காலாவதி தேதி தெரியற மாதிரி போட்டோ எடுத்துக்கங்க. அதே ரகம் பேரும் லாட் நம்பரும் எழுதின பில்லு இல்லாம வண்டியில இருந்து ஒரு தட்டு கூட எறக்க விடாதீங்க. நாத்து விக்கறதுக்கும் விதை உரிமம் வேணும், நம்பர கேளுங்க. சோள நாத்து ரெண்டு வாரத்துக்கு மேல தட்டுல நின்னா வேர் சுருண்டுக்கும், பழைய நாத்த தள்ளி விடுவாங்க, புடுங்கி வேர பாருங்க. பயிர்ல சந்தேகம் வந்தா அறுக்காம விட்டு வெச்சு விதை ஆய்வாளருக்கு எழுதி குடுங்க, நுகர்வோர் புகாருக்கு 1915.

நாங்க 1915ல பதிஞ்சுட்டோம், விதை ஆய்வாளருக்கும் எழுதி குடுத்துட்டோம், திங்கக்கெழம தர்மபுரி கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்க போறோம். இந்த தை, மாசியில காரிமங்கலம், பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் பைக்ல வந்த ஆள்கிட்ட ஸ்வீட் கார்ன் நாத்து வாங்கி நட்டவங்க யாராச்சும் இருந்தா இன்னைக்கே ஒரு கருது உரிச்சு கடிச்சு பாருங்க. மாவா இருந்துச்சுன்னா எனக்கு தகவல் சொல்லுங்க, சீட்டு, ஜிபே ஸ்க்ரீன்ஷாட் எது இருந்தாலும் எடுத்துட்டு வாங்க, மனுவுல உங்க பேரையும் சேத்துக்கலாம்.